மிதம் என்பது யாருடைய அளவு?

(மாணவர் – இளைஞர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஓரளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. ஆனால் காலையில் டீ இடைவேளையில் ஒரு மாணவர் என்னிடம் வந்தார். கையில் ஓர் ஆங்கில நாளிதழ். அதில் ஒரு தலித் தலைவரை 'மாடரேட்' என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வரியிலேயே நம்மைப் போன்றவர்களை 'எக்ஸ்ட்ரீமிஸ்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணே, மாடரேட்டுன்னா நல்ல வார்த்தைதானே? அகராதியில அப்படித்தான் போட்டிருக்கு. நாம ஏன் மாடரேட்டா இருக்கக் கூடாது?"

நியாயமான கேள்வி. அந்தத் தம்பி ஏன் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். வருகிற வாரம் அவருடைய ஊர்ப் பிரச்சினைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம். சேரியில் ஒருவர் இறந்தால் பிணத்தை ஊர்த் தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது. வயல் வரப்பில் இறங்கி, ஓடையைக் கடந்துதான் போக வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பொதுத் தெருவில் போவோம் என்று நம் மக்கள் சொன்னதும், "கொஞ்சம் மாடரேட்டா பேசுங்க" என்று ஓர் அதிகாரி சொல்லியிருக்கிறார். ஆகவே இது அகராதிப் பிரச்சினை இல்லை. அந்தக் கூட்டத்தில் நாம் என்ன பேசப் போகிறோம், எதில் கையெழுத்துப் போடப் போகிறோம் என்ற பிரச்சினை. அதனால் இன்று இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லின் பொருள். 'மாடரேட்' இலத்தீனிலிருந்து வந்தது. அளவு என்ற பொருள் உள்ள வேரிலிருந்து பிறந்த சொல். அளவுக்குள் வைப்பது, கட்டுக்குள் வைப்பது என்பது அதன் பொருள். தமிழில் நாம் சொல்கிற 'மிதவாதி'யில் இருக்கும் 'மித' வடமொழி. அதற்கும் 'அளக்கப்பட்டது' என்றுதான் பொருள். இரண்டு மொழியிலும் சொல் அளவிலிருந்துதான் பிறக்கிறது. பாரதி காலத்தில் 'நிதானக் கட்சி' என்றும் எழுதினார்கள். எங்கள் பகுதித் தோழர் ஒருவர், கைநாட்டுக்காரர், ஒருமுறை என்னிடம் கேட்டார்: "மிதவாதின்னா மிதக்கிறவனா தம்பி?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மிதக்கணும்னா லேசா இருக்கணும். நாம தலையில சுமையோட நிக்கிறோம். முழுகித்தான் போவோம்" என்றார். இலத்தீன் தெரிந்தவர்கள் சொன்னதைவிட அவர் சொன்னது எனக்கு அதிகம் புரிந்தது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது அரசியலில் நடுவில் நிற்பவரைக் குறிக்கும். இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்பவர். இதுவே வினையாக வந்தால் தணிப்பது, மட்டுப்படுத்துவது. கூட்டத்தில் யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்று முடிவு செய்கிறவர் 'மாடரேட்டர்'. தென்னிந்தியத் திருச்சபையில் தலைமைப் பொறுப்பில் இருக்கும் பேராயருக்கும் அதே பெயர்தான். அதாவது, சொல்லுக்குள்ளேயே ஓர் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. அளவு இருந்தால் அளக்கிறவன் ஒருவன் இருக்க வேண்டும். மரக்கால் ஒருவன் கையில் இருக்க வேண்டும். களத்து மேட்டில் கூலி வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். பண்ணைக்கு அளக்க ஒரு மரக்கால், ஆளுக்கு அளக்க ஒரு மரக்கால் இருந்ததை நம் தாத்தா பாட்டிகள் கதையாகச் சொல்லவில்லை, பட்டதைச் சொன்னார்கள்.

இனி, இந்தச் சொல் நம் நாட்டு அரசியலில் எப்படிப் புழங்கியது என்று பார்ப்போம். பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லாரும் படித்திருக்கிறீர்கள். காங்கிரசில் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று இரண்டு பிரிவு. பெரோஸ்ஷா மேத்தா, கோகலே எல்லாம் மிதவாதிகள். திலகர் தீவிரவாதி. 1907 டிசம்பரில் சூரத் மாநாட்டில் நாற்காலி பறந்தது, செருப்பு பறந்தது, கட்சி உடைந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி. அத்தோடு பாடம் முடிந்தது.

இதில் என்ன அளவுகோல் என்று யாராவது கேட்டோமா? வெள்ளைக்காரனிடம் எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது என்ற ஒரே அளவுகோல். மனு எழுதிக் கேட்டால் மிதவாதி. சுயராச்சியம் எங்கள் உரிமை என்றால் தீவிரவாதி. சரி, அந்த அளவுகோலைக் கொஞ்சம் திருப்பிப் பிடியுங்கள். 1891-இல் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தது. அதை எதிர்த்தவர் திலகர். அந்த மாதிரிச் சமூகச் சீர்திருத்தத்துக்காகப் பேசியவர்கள் ரானடே போன்ற மிதவாதிகள். 1895-இல் புனேயில் காங்கிரஸ் கூடியபோது, வழக்கமாக அதே பந்தலில் நடக்கும் சமூக மாநாட்டை அங்கே நடத்த விடமாட்டோம் என்று திலகர் பக்கத்தவர்கள் கிளம்பினார்கள். பந்தலுக்குத் தீ வைப்போம் என்ற அளவுக்கு மிரட்டல் போனது. ரானடே மாநாட்டை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இந்த நிகழ்ச்சியை எடுத்துப் பேசுகிறார். அரசியல் சீர்திருத்தம் சமூகச் சீர்திருத்தத்தைத் தோற்கடித்த கதை அது.

ஆக, வெள்ளைக்காரனை நோக்கித் தீவிரவாதியாக இருந்தவர் வீட்டுக்குள்ளே பழமைவாதி. வெள்ளைக்காரனை நோக்கி மிதவாதியாக இருந்தவர் சமூக விசயத்தில் கொஞ்சம் முன்னே நின்றவர். அவரும் மிரட்டல் வந்ததும் பந்தலை விட்டுப் போய்விட்டார். 1903-இல் தார்வாரில் தீண்டாமையைக் கண்டித்துக் கோகலே பேசியதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காங்கிரசின் மேடைக்கு அது வரவில்லை. சமூகப் பிரச்சினையைக் காங்கிரஸ் எடுக்காது, அது அரசியல் மன்றம் என்று 1886-இலேயே தலைமையுரையில் தாதாபாய் நவுரோஜி சொல்லிவிட்டார். தீண்டாமை பற்றிக் காங்கிரஸ் முதன்முதலாகத் தீர்மானம் போட்டது 1917-இல். முப்பத்திரண்டு வருசம்! மிதவாதியும் தீவிரவாதியும் எல்லாவற்றிலும் சண்டை போட்டார்கள். நம் விசயத்தை வெளியே வைப்பதில் மட்டும் சண்டை இல்லை. சூரத்தில் செருப்பு பறந்தது என்று எழுதுகிறார்கள். அந்தச் செருப்பைத் தைத்த சமூகத்தின் கோரிக்கை அந்த மேடையில் இருந்ததா என்று எழுதுவதில்லை.

நம் சென்னையில் என்ன நடந்தது? 1892-இல் சென்னை மகாசன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் போனார் அயோத்திதாசப் பண்டிதர். மகாசன சபை என்றால் படித்தவர்கள், வக்கீல்கள், நிதானமானவர்கள். அவர்கள் நடுவே எழுந்து, எங்கள் மக்களைக் கோவிலுக்குள் விடுவீர்களா என்று கேட்டார். சபையே கூச்சல் போட்டது. உங்கள் குலத்துக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்க, சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்ற பொருளில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமியே வேண்டாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மக்களுக்குத் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று பண்டிதர் கேட்டார். யோசித்துப் பாருங்கள். அந்த மண்டபத்தில் நிதானமாகப் பேசியவர் யார்? கூச்சல் போட்டவர்கள் யார்? ஆனால் வரலாற்றுப் புத்தகத்தில் மிதவாதி என்ற பட்டம் யாருக்குப் போனது? சூரத் உடைந்த அதே 1907-இல், ஜூன் மாதம், பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மிதவாதி – தீவிரவாதி என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காத மூன்றாவது குரல் அது. அதற்குப் பாடப்புத்தகத்தில் நெடுநாள் பெயரே இருக்கவில்லை.

திலகருக்கும் ஒரு நியாயம் செய்துவிடுவோம். இன்றைய தீவிரவாதி நாளைய மிதவாதி ஆவார், நேற்றைய தீவிரவாதிதான் இன்றைய மிதவாதி என்ற பொருளில் அவர் 1907 தொடக்கத்தில் பேசியிருக்கிறார். காலம் மாறினால் அளவு மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆள் மாறினாலும் அளவு மாறும் என்பதை அவர் பேசவில்லை. அதைப் பேச வேண்டியவர்கள் நாம்.

கடல் தாண்டி ஒரு செய்தி சொல்கிறேன். அமெரிக்காவில் கருப்பின மக்களின் போராட்டத்தில் இந்தச் சொல்லை நேருக்கு நேர் விசாரித்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1963 ஏப்ரல் 12-ஆம் நாள் அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரில் அவரைக் கைது செய்தார்கள். அதே நாளில் அந்த மாநிலத்து வெள்ளை மதகுருமார்கள் எட்டுப் பேர் ஓர் அறிக்கை விட்டார்கள். அவர்கள் வெறியர்கள் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில் அலபாமா ஆளுநர் வாலஸ், இனப் பிரிவினை என்றென்றும் இருக்கும் என்று முழங்கியபோது, சட்டத்தையும் நீதிமன்றத்தையும் மதியுங்கள் என்று சொன்னவர்கள். அதாவது அசல் மாடரேட்டுகள். அவர்கள்தான் இப்போது சொல்கிறார்கள்: இந்த ஆர்ப்பாட்டம் புத்திசாலித்தனம் இல்லை, இதற்கு இது நேரமும் இல்லை, கருப்பின மக்கள் தெருவை விட்டு நீதிமன்றத்துக்குப் போகட்டும்.

கிங் சிறைக்குள் அந்தச் செய்தித்தாளின் ஓரங்களிலேயே பதில் எழுதத் தொடங்கினார். அதன் சாரம் இது. எங்கள் விடுதலைக்குப் பெரிய தடை முகமூடி போட்டு வரும் கூ க்ளக்ஸ் கிளான்காரனாகக்கூட இல்லாமல் இருக்கலாம். நீதியைவிட ஒழுங்கு முக்கியம் என்று நினைக்கிற, உங்கள் நோக்கம் சரி, வழிதான் தப்பு என்கிற, அடுத்தவனுடைய விடுதலைக்குத் தானே தேதி குறிக்கிற வெள்ளை மிதவாதியாக இருக்கலாம். தன்னைத் தீவிரவாதி என்று சொன்னபோது முதலில் வருத்தப்பட்டதாகவும், பிறகு எதற்காகத் தீவிரவாதி என்பதுதானே கேள்வி என்று நினைத்ததாகவும் எழுதுகிறார்.

நேரம் வரட்டும் என்றார்களே, நேரம் என்ன செய்தது? பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1955-இல், நிதானமும் வேகமும் கலந்து நிறைவேற்றுங்கள் என்று ஒரு மிதமான வாசகம் சேர்த்தது. பத்து வருசம் கழித்து, 1964-இல், தெற்கே பதினோரு மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கருப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பர்மிங்காமில் 1963 செப்டம்பர் 15 அன்று தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்தார்கள். காத்திரு என்று சொல்கிறவனுக்குக் காலம் சும்மா கிடக்கிறது. காத்திருக்கிறவனுக்கு அப்படி இல்லை.

இப்போது நம்ம ஊருக்குத் திரும்புவோம். தம்பி கேட்டாரே, நாம ஏன் மாடரேட்டாகக் கேட்கக் கூடாது என்று. கேட்டோமே! கீழத் தஞ்சையில் கேட்டோம். கூலியில் அரைப்படி நெல் கூடக் கொடு என்று கேட்டோம். இதைவிட அளவான கோரிக்கை உலகத்தில் உண்டா? நிலம் கேட்கவில்லை, அரியணை கேட்கவில்லை. ஒரு படியில் பாதி. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் குழந்தைகள், பெண்கள் என்று நாற்பத்து நான்கு பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஏராளமான நிலம் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். பாருங்கள், அங்கேயும் ஓர் அளவுகோல். நிலத்தின் அளவை வைத்து மனிதனின் குணத்தை அளக்கிற அளவுகோல்.

வெண்மணி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். மிதம் என்பது கோரிக்கையின் அளவில் இல்லை. கேட்கிறவன் எங்கே நின்று கேட்கிறான் என்பதில் இருக்கிறது. சேரியிலிருந்து கேட்டால் அரைப்படியும் தீவிரவாதம். ஊரிலிருந்து கேட்டால் ஊரையே கேட்டாலும் அது மரபு.

ஒரு தோழர் கைதூக்குகிறார். அவர் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "அப்படின்னா அம்பேத்கர்? அவரு சட்டம், நீதிமன்றம்னுதானே போனாரு? அவரு மாடரேட் இல்லையா?" நல்ல கேள்வி. 1927 மார்ச் 20 மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். டிசம்பரில் மறுபடி போனபோது நீதிமன்றத் தடை இருந்தது. கலெக்டர் வந்து பேசினார். அம்பேத்கர் குளத்தில் இறங்குவதை நிறுத்தி வைத்தார். ஆனால் டிசம்பர் 25 அன்று, அதே இடத்தில், மனுநூலைக் கொளுத்தினார்கள். குளத்து வழக்கைப் பத்து வருசம் விடாமல் நடத்தி 1937-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், இனி இரத்தம் சிந்தும் வழியை விட்டு அரசியல் சட்ட வழியைப் பற்றுவோம் என்று பேசினார். அதே உரையில், சமூகச் சமத்துவம் இல்லாவிட்டால் இந்தச் சனநாயக மாளிகையைப் பாதிக்கப்பட்டவர்களே தகர்ப்பார்கள் என்றும் எச்சரித்தார்.

வழியில் அளந்து நடந்தவர். இலக்கில் ஓர் இம்மிகூடக் குறைக்காதவர். அந்த ஆங்கிலச் சொல் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. வழியில் நிதானம் வேண்டும் என்று சொல்லி ஆரம்பிக்கிறார்கள். முடிக்கும்போது இலக்கில் பாதியை வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். "மாடரேட்டா பேசுங்க" என்றால், சத்தம் போடாமல் பேசு என்றும் பொருள்; குறைத்துக் கேள் என்றும் பொருள். முதலாவதை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம், நம் விருப்பம். இரண்டாவதை ஏற்றால் ஓடைத் தண்ணீரில்தான் பாடை போகும்.

2018-இலும் இதையே பார்த்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, கைதுக்கு முன் அனுமதி, வழக்குக்கு முன் விசாரணை என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சமநிலை செய்தார்கள். அந்தத் தீர்ப்பு வந்த நாளும் மார்ச் 20. மகத் நாள். ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிரும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019-இல் நீதிமன்றம் தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. தெருவுக்கு வந்தவர்களைத் தீவிரம் என்றார்கள். அவர்கள் கேட்டது 1989-இல் நாடாளுமன்றமே போட்ட சட்டம் அப்படியே இருக்கட்டும் என்பதைத்தான்.

கடைசியாக என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களை மட்டும் விசாரித்துவிட்டு உட்காருவது சரியில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னால், எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை. நமக்குத் தனி கிளாசு, குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். பையன்கள் உடைத்துவிட்டார்கள். அமைதிக் கூட்டம் போட்டார்கள். ஒரே கிளாசு என்று நாங்கள். பழைய வழக்கம் என்று அவர்கள். அதிகாரி நடுவில் ஒரு யோசனை சொன்னார்: கிளாசே வேண்டாம், உங்களுக்குப் பிளாஸ்டிக் கப் கொடுக்கச் சொல்கிறேன், பிரச்சினை தீர்ந்தது. சேரியில் அப்போது கல்லூரி போனவன் நான் ஒருவன்தான். "இது நல்ல முடிவு, நாகரிகமா இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்று பெரியவர்களிடம் சொன்னவன் நான். போட்டார்கள். அதிகாரி என் தோளில் தட்டி, "படிச்ச பையன், மாடரேட்டா இருக்கான்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

ஊருக்கு அதே கிளாசு. நமக்குக் கப். ஒரு மாதம் கழித்து என் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "முன்னாடி நாம குடிச்ச கிளாசைத் தனியா வெச்சான். இப்ப நாம குடிச்சதைத் தூக்கிக் குப்பையில போடுறான். இதைத்தான் வாங்கிக் குடுத்தியா ராசா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு 1950 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது. பாதி ஒழிக்கப்பட்டது என்று எழுதவில்லை. இரண்டு கிளாசுக்கும் ஒரு கிளாசுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றரை கிளாசா? குற்றத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஓர் இடம் இருப்பதாகக் காட்டியதுதான் அந்தக் கூட்டத்தின் வேலை. அந்த இடத்தில் நிற்க ஒரு படித்த பையன் தேவைப்பட்டான். நான் போய் நின்றேன்.

ஆகவே தம்பி, அந்தச் சொல்லைக் கண்டு கோபப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். யாராவது உங்களை மாடரேட் என்று புகழ்ந்தாலும், எக்ஸ்ட்ரீமிஸ்ட் என்று திட்டினாலும், மூன்று கேள்வி கேளுங்கள். எதற்கும் எதற்கும் நடுவே? அந்த நடுவை அளந்தது யார்? விட்டுக்கொடுத்ததை யார் வீட்டிலிருந்து எடுத்தார்கள்? மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு நடுவில் நிற்க நியாயம் இருந்தால் தாராளமாக நில்லுங்கள். வரப்புத் தகராறில், பங்காளிச் சண்டையில் நடு உண்டு. நம் இயக்கத்துக்குள்ளேயே சண்டை வரும்போது நடுவில் நின்று பேசுகிறவர்கள் நிறையவே தேவை.

வருகிற வாரம் அமைதிக் கூட்டத்துக்குப் போவோம். நாற்காலியில் உட்காருவோம், சத்தம் போட மாட்டோம், மரியாதையாகப் பேசுவோம். ஓடைக்கு மேலே தனிப் பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். செலவு மதிப்பீடுகூடத் தயாராக வைத்திருப்பார்கள். நல்ல பாலமாகக்கூட இருக்கலாம். அது எங்கள் ஊர்ப் பிளாஸ்டிக் கப். தெரு பொதுத் தெரு, அதில் பிணம் போக யார் அனுமதியும் வேண்டியதில்லை என்று எழுதினால் கையெழுத்துப் போடுவோம். எழுதாவிட்டால் எழுந்து வருவோம்.

என்னைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். இந்த முறை பேனாவை என்னிடம் கொடுக்காதீர்கள். அந்தச் சேரிப் பெண்களிடம் கொடுங்கள். ஓடையில் இறங்கிப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஜெய்பீம்.